நாத்து சாயுதா, முளைக்கலையா, வளராம நிக்குதா? மருந்து வாங்குறதுக்கு முன்னாடி இத பாருங்க

ஏப்ரல்ல ஒரு சுத்து, அக்டோபர் நவம்பர்ல ஒரு சுத்து, மழை புடிச்சுக்கிட்டா போதும், எனக்கு போன்ல நாத்து படமா வந்து விழும். மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்துக்குப் பின்னாடி மிளகா போடுறவங்க, தாமான் (குடியிருப்பு) வீட்டுல காரு நிக்கிற எடத்துல டிரே அடுக்கி வச்சிருக்கவங்க, கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுற அக்காமாரு, எல்லாருக்கும் ஒரே கேள்விதான், "அண்ணே என்ன மருந்து அடிக்கலாம்?"

படத்த பாத்து மருந்து சொல்ல முடியாதுங்க. மேல பாத்தா எல்லா நாத்தும் ஒரே மாதிரிதான் சாவும், வித்தியாசம் எல்லாம் மண்ணுக்குள்ள இருக்கு. அதனால ஒரு நாத்த, முளைக்கலேன்னா ஒரு விதைய, தோண்டி எடுத்து கையில வச்சுக்கிட்டு கீழ உங்க அறிகுறி எதுன்னு தேடுங்க. காசு செலவில்லாத காரணத்த முதல்ல எழுதியிருக்கேன், அந்த வரிசையிலயே பாத்துட்டு வாங்க, தாண்டி போய் மருந்துல நிக்காதீங்க.

அறிகுறி 1: விதை போட்டு நாளாச்சு, ஒண்ணுமே மேல வரல

முதல்ல நாள எண்ணுங்க. நம்ம ஊரு சூட்டுல சோளம் (மக்காச்சோளம்) நாலஞ்சு நாள்ல எட்டிப் பாத்துரும், வெண்டை ஒரு வாரத்துக்குள்ள வந்துரும், மிளகாயும் கத்தரியும் ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம் வரைக்கும் இழுக்கும். மிளகா போட்டு ஆறாவது நாள் "வரல"ன்னு கவலப்படுறதுல அர்த்தமே இல்ல, விட்டுருங்க.

நாள் தாண்டிருச்சுன்னா அஞ்சாறு குழியில தோண்டிப் பாருங்க.

*விதை போட்டப்ப இருந்த மாதிரியே காஞ்சு கெட்டியா இருக்கா?* தண்ணி போய்ச் சேரல. கோகோபீட் (தேங்காநார்த் தூளு) ஒரு தடவ நல்லா காஞ்சுட்டா மேல ஊத்துற தண்ணி ஓரமாவே ஓடிரும், உள்ள எறங்காது. டிரேய ஒரு பேசின்ல தண்ணி வச்சு அதுல உக்கார வைங்க, அடியில இருந்து உறிஞ்சி மேல கறுப்பானதும் எடுத்துருங்க. செலவு ஒண்ணுமில்ல.

*விதையவே காணோமா?* எறும்பு, எலி, குருவி. சோளத்த எலி விடவே விடாது. டிரேய மேசைக்கு ஏத்தி, மேசைக் காலுக்கு அடியில தண்ணிக் கிண்ணம் வைங்க, முளை வர்ற வரைக்கும் மேல வலை போடுங்க.

*முளை விட்டிருக்கு, ஆனா மண்ணுக்குள்ளயே சுருண்டு கிடக்கா?* ஆழமா போட்டுட்டீங்க, இல்ல மழை அடிச்சு மேல்மண்ணு இறுகிப் போச்சு. மிளகாய்க்கு அரை சென்டிமீட்டர்ல இருந்து ஒரு சென்டிமீட்டர், சோளத்துக்கு ரெண்டு மூணு சென்டிமீட்டர், அதுக்கு மேல வேணாம். கலர் பூசுன, அதாவது மருந்து பூசுன, விதையா இருந்தா இன்னொரு காரணமும் இருக்கு, அறிகுறி 3க்கு போங்க.

*விதை ஊதி, நசுக்குனா கொழகொழன்னு, வாடை அடிக்குதா?* இதுதான் அழுகல். ஆனா அழுகுனது விதையோட கோளாறா மண்ணோட கோளாறான்னு தெரியாம அடுத்த அடி வைக்க முடியாது. அதே பேக்கெட்ல இருந்து ஒரு இருவது விதைய ஈர டிஷ்யூல மடிச்சு மூடி போட்ட டப்பாவுல வைங்க. டிஷ்யூல ஒழுங்கா முளைச்சு டிரேயில அழுகுதுன்னா குத்தம் மண்ணுலயும் தண்ணியிலயும். டிஷ்யூலயும் பாதிக்கு மேல பூசணம் புடிச்சு செத்துதுன்னா விதை பழசு, இல்ல விதையோடவே நோய் வந்திருக்கு, அந்த பேக்கெட்ட வச்சுக்கிட்டு போராடாதீங்க, வேற வாங்குங்க. இந்த டிஷ்யூ வேலைய செய்யச் சொன்னா செய்ய மாட்டாங்க, நேரா கடைக்கு போய் மருந்து வாங்கிருவாங்க, எனக்கு அதுதான் புரியல.

அறிகுறி 2: நல்லா முளைச்சு வந்துச்சு, காலையில பாத்தா சாஞ்சு கிடக்கு

வர்ற படத்துல பெரும்பாலும் இதுதான். ஒரு ஓரத்துல நாலு நாத்து சாயும், மறுநாள் உள்ளங்கை அகலம், அதுக்கு மறுநாள் அரை டிரே. நாத்தழுகல்னு சொல்லுவாங்க. ஆனா சாஞ்சதெல்லாம் அழுகல் இல்ல, தண்டு மண்ண தொடுற எடத்த கிட்டக்க பாருங்க.

*தண்டு கத்தியால வெட்டுன மாதிரி துண்டா இருக்கா?* வெட்டுப்புழு, இல்ல பாச்சைப்பூச்சி. ராத்திரி டார்ச் அடிச்சுப் பாருங்க, சுத்தி மண்ண லேசா கிளறுங்க, புழு சுருண்டு கிடக்கும். பளபளன்னு கோடு போட்டிருந்தா நத்தை. பூஞ்சை மருந்து இங்க தண்டச் செலவு.

*தண்டு முழுசா நல்லாத்தான் இருக்கு, நீளமா வெளுத்துப் போய் தலை கனம் தாங்காம விழுதா?* வெளிச்சம் பத்தல. வீட்டுக்குள்ளயும் செம்பனை நிழல்லயும் வளர்த்தா இப்படித்தான். வெளிய நகத்துங்க, ஒரேயடியா உச்சி வெயில்ல வைக்காம காலை வெயில்ல இருந்து பழக்குங்க.

*அடித்தண்டு தண்ணி கோத்து, கண்ணாடி மாதிரி, நூலா மெலிஞ்சு போயிருக்கா?* பித்தியம்ங்கிற கிருமி. ஈரத்துல வாழுறது, தண்ணியில நீந்திப் போய் அடுத்த நாத்த புடிக்கும்.

*அடித்தண்டு காப்பிக் கலருல, காஞ்சு, இடுப்ப கயித்தால இறுக்குன மாதிரி உள்வாங்கி இருக்கா?* பெரும்பாலும் ரைசோக்டோனியாங்கிற பூஞ்சை. இதுக்கு அவ்வளவு தண்ணி தேவையில்ல, சுமாரான ஈரத்துலயும் வரும், பழைய மண்ணுல மக்காம கிடக்குற வேரு தண்டுல உக்காந்திருக்கும்.

ரெண்டுல எதுவா இருந்தாலும் முதல் வேலை ஒண்ணுதான்: சாஞ்சத மட்டும் இல்ல, அத சுத்தி நிக்கிற ஒரு வரிசை நல்ல நாத்தையும் சேத்து மண்ணோட எடுத்து பிளாஸ்டிக் பையில கட்டி குப்பையில போடுங்க, உரக்குழியில போடாதீங்க. அப்புறம் தண்ணிய நிறுத்துங்க. கோகோபீட்ட கையில எடுத்து புழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டு வரலாம், ஒழுகுனா அதிகம், அது குறையிற வரைக்கும் ஊத்தாதீங்க. பிறகு ஊத்துறது காலையில மட்டும். சாயங்காலம் வேல முடிஞ்சு வந்து ஹோஸ் புடிச்சு அடிக்கிற பழக்கம்தான் நம்ம ஊருல பாதி நாத்த கொல்லுது, ராத்திரி பூரா ஈரம் தங்கிருது. மழை நேரா விழாத மாதிரி மேல பிளாஸ்டிக் கூரை, பக்கத்துல எல்லாம் காத்துக்கு திறந்து விடுங்க, சுத்தி மூடுனா அதுவே வெந்து போயிரும். குழிக்கு ஒரு விதை.

ரெண்டு மூணு நாள்ல பரவுறது நின்னுச்சா? அவ்ளோதான், மருந்து தேவையில்ல. நிக்கலையா, டிரேயையும் மண்ணையும் பாருங்க. போன போகத்து டிரேய சும்மா தட்டிட்டு திரும்ப போட்டிருப்பீங்க. முதல்ல மண்ணு ஒட்டாம சோப்புத் தண்ணியில தேச்சு கழுவணும், அப்புறம் ஒரு பங்கு குளோரோக்ஸுக்கு (துணி வெளுக்குற பிளீச்) ஒம்பது பங்கு தண்ணி கலந்து பத்து பதினஞ்சு நிமிஷம் ஊற வச்சு, அலசி, வெயில்ல காய வைக்கணும். மண்ணோட குளோரோக்ஸ்ல போட்டா அந்த மண்ணே குளோரின தின்னுரும், பிரயோஜனம் இல்ல. கொல்லை மண்ணு கலந்திருந்தா அடுத்த தடவ கலக்காதீங்க, நாத்து எடுத்து நடுற வரைக்கும் புது கோகோபீட்டோ பீட்மாஸோ போதும்.

அப்பவும் நிக்கலேன்னாதான் மருந்து, அதுலயும் எந்த பூஞ்சைன்னு தெரிஞ்சிருக்கணும். மெட்டாலக்சில் பித்தியத்துக்கு வேல செய்யும், ரைசோக்டோனியாவ ஒண்ணும் பண்ணாது. கார்பென்டசிம் நேர் எதிர், பித்தியத்து மேல அடிச்சா தண்ணி தெளிச்ச மாதிரிதான், சொல்லப்போனா பித்தியம் உண்மையான பூஞ்சையே கிடையாது. கடைக்கார தவுக்கே கையில இருக்கிறத எடுத்துக் குடுப்பாரு, அவர சொல்லி குத்தமில்ல, நீங்க சாஞ்ச நாத்த கொண்டுபோய் காட்டுனீங்களா? லேபிள்ல எல்.ஆர்.எம்.பி. (அரசாங்க பூச்சிமருந்து வாரியம்) பதிவு நம்பர் இருக்கான்னும், உங்க பயிரு பேரு எழுதியிருக்கான்னும் பாருங்க. சின்ன பாட்டில்ல மாத்தி ஊத்தி விக்கிறத வாங்காதீங்க.

ட்ரைக்கோடெர்மா பவுடர் வாங்கி வச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்த: அது உசுருள்ள பூஞ்சை, நோய் வர்றதுக்கு முன்னாடி மண்ணுல கலக்குறது. அதையும் போட்டு அதே வாரம் கார்பென்டசிமும் ஊத்துனா வாங்குன காச நீங்களே கொன்னுட்டீங்க.

அறிகுறி 3: சாவல, ஆனா வளரவும் மாட்டேங்குது

வேர பாருங்க. நாத்த இழுக்காம குழியோட தள்ளி எடுத்து தண்ணியில அலசுங்க.

*வேரு வெள்ளையா நிறைய இருக்கா?* நோய் இல்ல, பசி. கோகோபீட்ல சத்து கிடையாது. ரெண்டு நிஜ இலை விட்டதும் பாஜாவ (உரத்த) ரொம்ப தண்ணியா கலந்து குடுங்க.

*வேரு நுனி மட்டும் கருகி, இலை ஓரமும் காஞ்சிருக்கா?* உரம் அதிகம், இல்லேன்னா பச்சைக் கோழி எரு. நல்ல தண்ணிய அடியில ஓடுற மாதிரி ஊத்தி அலசி விடுங்க. சாயங்காலம் பண்ணாதீங்க.

*வேரு காப்பிக் கலருல, ரெண்டு விரலால உருவுனா மேல்தோலு கழண்டு உள்ள நூலு மட்டும் நிக்குதா?* பித்தியம் வேருல இருக்கு. அறிகுறி 2ல சொன்ன தண்ணி வைத்தியம்தான். டிரேய தட்டுனா குட்டி கறுப்பு ஈ பறந்துச்சுன்னா அதையும் கவனிங்க, அதோட புழு வேர கடிச்சு பூஞ்சைக்கு வாசல் திறந்து விடும். மஞ்ச ஒட்டுத்தாள் தொங்க விட்டு மேல்மண்ண காய விடுங்க.

*வேரு சுத்தம், இலை சாதாரணத்த விட கரும்பச்சை, ஆனா குள்ளமா தடிமனா நிக்குதா?* இப்ப விதைக்கு பூசுன மருந்த சந்தேகப்படலாம். இத நிறைய பேரு யோசிக்கிறதே இல்ல, மருந்து போட்ட விதைன்னா நல்லா வளரும்னு நெனப்பு. விதை மருந்து ஒரு வாட்ச்மேன் மாதிரி, சம்பளத்துக்கு முதல் ரெண்டு மூணு வாரம் வாசல்ல நிப்பாரு, வீட்டு வேல செய்ய மாட்டாரு, சில பேரு வீட்டுக்காரங்களையே உள்ள விடமாட்டாங்க.

விதை மருந்தால வர்ற இந்த கோளாறு நல்லா தெரிஞ்ச பயிரு கோதுமை. நம்ம ஊருல கோதுமை வயல் கிடையாது, ஆட்டா மாவு பூரா வெளிநாட்டு கோதுமைதான், ஆனா விதை மருந்தப் பத்தி பேசுனா கோதுமைய விட்டுட்டு பேச முடியாது. கோதுமை முளைய சுத்தி ஒரு உறை இருக்கும், மண்ண துளைச்சு முதல் இலைய மேல கொண்டு வர்றது அதுதான். டெபுகோனசோல், ட்ரயடிமெனோல் மாதிரி ட்ரயசோல் மருந்துங்க பூஞ்சைய அடக்குற கையோட செடிய நீட்ட வைக்கிற ஜிப்ரலினையும் கொறைக்கும், உறை குட்டையாயிரும். மேலாக்க போட்டா ஒண்ணும் தெரியாது, கொஞ்சம் லேட்டா வரும், அப்புறம் சரியாயிரும். ஆழமா போட்டா உறை மேல எட்டுறதுக்கு முன்னாடியே இலை மண்ணுக்குள்ள விரிஞ்சு மடங்கிரும், வெளிய வராது. குட்டை ரகக் கோதுமைக்கு உறை ஏற்கனவே சின்னது, அதுல இந்த மருந்து, அதோட ஆழ விதைப்பு, மூணும் சேந்தா வயல் சொட்டையாயிரும். அப்புறம் எதுக்கு போடுறாங்கன்னா, கரிப்பூட்டை நோய் விதைக்குள்ள கருவுலயே இருக்கும், மேல பூசுற திரம்ங்கிற மருந்து அங்க எட்டாது, உள்ள எறங்குற மருந்துதான் வேணும்.

நம்மகிட்ட நடக்குறது வேற மாதிரி. வீட்டுல தானே மருந்து கலக்குறாங்க. திரம் பவுடர் கிலோ விதைக்கு ரெண்டு மூணு கிராம்தான் கணக்கு. பத்து கிராம் மிளகா விதைக்கு கணக்கு போட்டுப் பாருங்க, 0.03 கிராம் வருது. சமையல்கட்டு தராசுல அது விழவே விழாது, ஆனா நம்ம ஆளுங்க ஒரு டீஸ்பூன் போட்டு குலுக்குவாங்க. அதனால சின்ன அளவுல போடுறவங்க வீட்டுல விதைக்கு மருந்து கலக்கவே வேணாம்கிறது என் கருத்து. வேணும்னா பூசுன விதை பேக்கெட்டா வாங்குங்க, பேக்கெட்ல இருக்கிற தேதிய பாத்து வாங்குங்க, வாங்குனத வருஷக்கணக்கா வைக்காதீங்க. ராத்திரி பூரா ஊற வைக்கவும் கூடாது, மருந்து பூரா தண்ணியில எறங்கிரும், அந்த தண்ணிய கோழி குடிக்கிற எடத்துலயோ மீன் தொட்டி பக்கமோ ஊத்திராதீங்க.

சொந்தமா எடுத்த விதைன்னா மருந்துக்கு பதிலா சுடுதண்ணி வைத்தியம் இருக்கு. தக்காளி, கத்தரி விதை 50 டிகிரியில 25 நிமிஷம், மிளகா 51, 52 டிகிரியில 30 நிமிஷம், உடனே பச்சத் தண்ணியில போட்டு, நிழல்ல காய வைக்கணும். தெர்மோமீட்டர் இல்லாம கையால தொட்டுப் பாத்து செய்யாதீங்க, ரெண்டு டிகிரி ஏறுனா விதை செத்துரும். வெள்ளரி, பூசணி, பழைய விதை, கலர் பூசுன விதை, இதுக்கெல்லாம் வேணாம். இன்னொண்ணு, சுடுதண்ணி விதையோட வர்ற நோயத்தான் கொல்லும், டிரேயில காத்துக்கிட்டு இருக்கிற பித்தியத்துக்கு அதனால ஒண்ணும் ஆகாது.

அறிகுறி 4: முளைப்பாரியில, கோதுமைப்புல் தட்டுல வெள்ளப் பஞ்சு

பதறாதீங்க, முதல்ல தண்ணி ஸ்ப்ரே அடிச்சுப் பாருங்க. வேர ஒட்டி, எல்லா முளையிலயும் ஒரே மாதிரி இருந்த வெள்ள, தண்ணி பட்டதும் படிஞ்சு காணாம போச்சுன்னா அது வேரு முடி, ஆரோக்கியமான முளைக்கு அடையாளம். தண்ணி பட்டும் சிலந்தி வலை மாதிரி விதைக்கு விதை தாவி நின்னுச்சுன்னா, வாடையும் இருந்துச்சுன்னா, பூசணம். மேல கறுப்பு புள்ளி, சாம்பக் கலரு முடி வந்துட்டா சந்தேகமே இல்ல.

முளை மஞ்சளா நீட்டமா இருக்கிறதுக்கு பயப்பட வேணாம், இருட்டுல வச்சா அப்படித்தான் வரும், முளைப்பாரிக்கு அதுதானே அழகு.

பூசணத்துக்கு காரணம்: உடைஞ்ச தானியம் (பொறுக்கி எடுங்க), ரொம்ப நேரம் ஊறுனது (கோதுமைக்கு எட்டு மணி நேரம் தாராளம், நடுவுல தண்ணி மாத்துங்க), ஒண்ணு மேல ஒண்ணா கொட்டுனது, அடியில தண்ணி தேங்குனது. கோதுமை குளிர் ஊரு பயிரு, இருவது இருவத்தஞ்சு டிகிரிதான் அதுக்கு பிடிக்கும், நம்ம ஊரு தகரக் கூரைக்கு அடியில மூடி வச்சா பூசணத்துக்குத்தான் கொண்டாட்டம். வீட்டுல குளிர்ச்சியான மூலையில வைங்க, ஈரத்துணிய நல்லா புழிஞ்சுட்டு மூடுங்க, முளைப்பாரி சட்டி இருக்கிற ரூம்ல ஃபேன் லேசா ஓடட்டும். ஒரு ஓரம் மட்டும் புடிச்சிருந்தா கரண்டியால பெருசா வெட்டி எடுத்துருங்க. குடிக்கிறதுக்குன்னு வளக்குற புல்லுல பூசணம் பரவிருச்சுன்னா முழுத் தட்டையும் கொட்டிருங்க, மேல நறுக்கி குடிக்கலாமான்னு என்கிட்ட கேக்காதீங்க.

மருந்து? கூடவே கூடாது. கலர் பூசுன விதையும் கூடாது, கழுவுனாலும் கூடாது. ரோஸ் கலரு எதுக்கு பூசுறாங்கன்னா இது சாப்பாடு இல்லன்னு சொல்றதுக்கு. 1971 கடைசியில ஈராக்குக்கு விதைக்குன்னு வந்த கோதுமையில மெத்தில் மெர்குரி பூசி இளஞ்சிவப்பு சாயம் போட்டிருந்துச்சு, மூட்டையில எச்சரிக்கை ஸ்பானிஷ்லயும் இங்கிலீஷ்லயும், விதைப்பு முடிஞ்ச பிறகு வந்து சேந்தது, சாயத்த கழுவிட்டா விஷம் போச்சுன்னு நெனச்சு ரொட்டி சுட்டவங்க உண்டு. ஆஸ்பத்திரியில சேந்தவங்க 6,530 பேரு, செத்தவங்க 459 பேருன்னு அதிகாரப்பூர்வ கணக்கு. இப்ப விதைக்கு பாதரசம் கிடையாது, ஆனாலும் முளைப்பாரிக்கும் ஜூஸுக்கும் மளிகைக் கடை கோதுமைதான். விதைக்கடை பக்கமே போகாதீங்க.

அறிகுறி 5: சோள நாத்துல வெளுத்த கோடு

இலை அடியில இருந்து நீளவாக்குல வெளிர் மஞ்சக் கோடு, விடியக்காலையில இலைக்கு அடியில வெள்ள மாவு மாதிரி படலம் இருந்தா அடிச்சாம்பல் நோய். அந்த நாத்து தேறாது, கதிரும் வைக்காது. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி புடுங்கி பையில கட்டுங்க, காத்துல பரவும். சோள விதைக்கு மெட்டாலக்சில் பூசி விக்கிறது இதுக்காகத்தான், இங்க மட்டும் பூசுன விதைக்கு கூட காசு குடுக்குறது நியாயம். கோடு இல்லாம சும்மா வெளுத்திருந்தா தண்ணி தேங்கியிருக்கும்.

எப்ப ஆள கூப்பிடணும்

டிரேய கழுவி, மண்ண மாத்தி, தண்ணிய கொறைச்சு, புது விதை போட்டும் திரும்ப அதே மாதிரி சாஞ்சா. ஒரே பேக்கெட் விதை பல பேரு வீட்டுல ஒரே மாதிரி குள்ளமா நின்னா (பேக்கெட்ட தூக்கிப் போடாதீங்க, லாட் நம்பர் வேணும்). விக்கிறதுக்கு ஆயிரக்கணக்குல நாத்து போடுறவங்க, பத்துல ஒண்ணு சாஞ்சதுமே. நம்ம பக்கத்துக்கு கோலகங்சார் பெர்த்தானியான் (விவசாய இலாகா) ஆபிஸ். யாராவது கலர் விதைய தின்னுட்டாங்கன்னா ஆபிஸுக்கு இல்ல, நேரா ஆஸ்பத்திரிக்கு, பேக்கெட்டையும் கையோட எடுத்துட்டு. பினாங்கு யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்துல இருக்கிற தேசிய நச்சு மையத்துக்கும் போன் பண்ணலாம்.

தோட்டத்து நர்சரியில வேல செய்றவங்க செம்பனைக் கன்னுல இந்த மாதிரி வேரழுகல் பாத்தா தானா எதையும் ஊத்தாதீங்க, மண்டோர்கிட்ட (மேஸ்திரிகிட்ட) சொல்லிருங்க, அந்த கன்னு ஒவ்வொண்ணும் கணக்குல இருக்கும்.

ஆபிஸுக்கு மாதிரி கொண்டு போறப்ப செத்த நாத்த கொண்டு போகாதீங்க, அதுல வேற பூஞ்சையெல்லாம் ஏறியிருக்கும். பாதி வாடுனது நாலஞ்சு, பக்கத்துல நிக்கிற நல்லது ரெண்டு, வேரும் மண்ணுமா, காலையில எடுத்து பழைய பேப்பர்ல சுத்துங்க. தண்ணி தெளிக்க வேணாம், பிளாஸ்டிக்ல இறுக்கி கட்டி காருக்குள்ள வெயில்ல போட்டுட்டு பசியாற போயிராதீங்க. என்னிக்கு விதைச்சது, என்ன தண்ணி, என்ன உரம், என்ன மருந்து அடிச்சீங்கன்னு ஒரு துண்டுல எழுதி வைங்க, அடிச்ச மருந்த மறைக்காதீங்க.